கடலில் விட்ட சட்டை

ஓசூரில் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். சூப்பர்வைசர். எங்கள் பிரிவின் ஃபைவ் எஸ் பொறுப்பும் என்னிடம்தான். ஜப்பான்காரர்களிடமிருந்து வந்த ஒழுங்கு அது. வேண்டியதை வை, வேண்டாததைத் தள்ளு, ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் கொடு, துடை, இதையே தினமும் செய். தரையில் மஞ்சள் கோடு போட்டு, கோட்டுக்குள் தொட்டிகளை வைத்திருப்போம். எண்ணெய் துடைத்த பனியன் துணிக்குச் சிவப்பு, இரும்புச் சுருளுக்கு நீலம், காகிதத்துக்குப் பச்சை. சிவப்புத் தொட்டியில் ஒரு டீ கப் கிடந்தால் எனக்குக் கோபம் தலைக்கேறிவிடும். யார் போட்டது என்று கேட்பேன். யாரும் வாய் திறக்காவிட்டால் பக்கத்தில் நிற்கிற கான்ட்ராக்ட் ஆள் தலையில் கட்டிவிடுவேன். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த ஆளாக இருப்பார். எதிர்த்துப் பேச அவரிடம் தமிழ் இருக்காது. அது எனக்கு வசதியாக இருந்திருக்கிறது.

வீட்டில் நான் வேறு ஆள். பாகலூர் சாலையில் எங்கள் லேஅவுட்டுக்குக் குப்பை வண்டி வராமல் இல்லை. நான் ஷிஃப்டுக்குக் கிளம்பிய பிறகு வரும். அதுவரை குப்பையை வாசலில் வைத்திருந்தால் நாய் இழுக்கும் என்பது மனைவியின் கட்சி. ஆகவே பைக்கின் ஒரு கைப்பிடியில் சாப்பாட்டுப் பை, இன்னொன்றில் குப்பைக் கவர். ஏரிக்கரை வந்ததும் வேகத்தைக் குறைத்து, கால் ஊன்றாமலே கவரைச் சரிவில் வீசிவிட்டுப் போவேன். ஒருநாள் ஞாபகப் பிசகில் சாப்பாட்டுப் பையை வீசிவிட்டேன். வண்டியை நிறுத்தி, சரிவில் இறங்கி அதை எடுத்துக்கொண்டு, குப்பைக் கவரை அங்கே வைத்துவிட்டு ஏறி வந்தேன். கம்பெனி கேட்டுக்குள் நுழைந்ததும் யார் எந்தத் தொட்டியில் எதைப் போட்டார்கள் என்று பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லக் காரணம் உண்டு. இனிமேல் சொல்லப் போவது ஒரு நல்ல மனிதன் ஏதோ ஒருநாள் சறுக்கிய கதை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

எங்களுக்கு ஒரே மகள். பெங்களூரில் சாப்ட்வேர் வேலை. துணிப்பையும் ஸ்டீல் பாட்டிலுமாகத் திரிகிறவள். பஸ்ஸில் யாராவது ஜன்னல் வழியாகச் சிப்ஸ் கவரை எறிந்தால் எழுந்து போய்ச் சண்டை பிடிப்பாள். இந்தக் குணம் அப்பாவிடமிருந்து வந்ததாகத் தோழிகளிடம் சொல்லிக்கொள்வாள். ஏரிக்கரை விவகாரம் அவளுக்குத் தெரியாது. சனி ஞாயிறுகளில் அவள் வந்திருக்கும்போது வண்டி வரும்வரை குப்பை எங்கள் வாசலில் ஒழுங்காகக் காத்திருக்கும்.

போன வருஷம் அவள் எங்களை மாலத்தீவுக்குக் கூட்டிப்போனாள். விளம்பரத்தில் வருகிற மாதிரி தண்ணீர்மேல் கட்டின ஆடம்பர ஓட்டல் இல்லை. ஊர்க்காரர்கள் குடியிருக்கும் ஒரு சின்னத் தீவு, அதில் ஒரு பெண்மணி நடத்துகிற ஆறேழு அறை கொண்ட விடுதி. தேடித் தேடி அதைத்தான் பிடித்திருந்தாள்.

“அங்க குப்பைய அவங்க எப்படிப் பிரிக்கிறாங்கன்னு வந்து பாருங்கப்பா. உங்களுக்குன்னே புடிச்ச எடம்” என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஏழரைச் சனி முடிந்தது. ஏழரை வருஷத்தில் நெஞ்சில் ஒரு ஸ்டென்ட், கைக்கு வந்து தட்டிப்போன ஒரு பதவி உயர்வு, மச்சினனோடு தீராத ஒரு பகை என்று சனி தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார். பாகலூரில் எங்களுக்கு ஒரு ஜோசியர். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே மூச்சில் பேசுவார். கடலில் குளித்து, கட்டியிருந்த துணியைக் கடலோடு விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும் என்றார். ராமேஸ்வரம் போங்கள் என்றார். மாலத்தீவுக்கு லீவு எழுதிக் கொடுத்தாகிவிட்டது, இன்னொரு லீவு கிடைக்காது என்றேன். அங்கே இருப்பதும் கடல்தானே என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

“எல்லா சமுத்ரமும் ஒந்தே சார்” என்று கன்னடத்தில் முடித்துவிட்டார். எல்லாம் ஒரே கடல்தானாம்.

துணியைத் தண்ணீரில் விடுவது எங்கள் பக்கத்தில் புதிதும் இல்லை. ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற கூட்டம் கட்டியிருந்ததை அப்படியே ஆற்றில் விட்டுவிட்டுத்தான் கரையேறும். பாறை இடுக்கெல்லாம் சேலையும் பனியனும் தொங்கும். அதைப் பார்த்து முகம் சுளித்தவன் நான். தருமபுரிப் பஸ்ஸில் திரும்பும்போது நம் ஜனங்களுக்குப் புத்தியே வராது என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் அளந்துகொண்டு வந்தவன்.

மனைவி ஒரு பழைய கம்பெனிச் சட்டையைத் தேர்ந்தெடுத்தாள். வெளுத்த நீலம். கஷ்டமெல்லாம் அதைப் போட்டுக்கொண்டு பட்டதுதான் என்பது அவள் கணக்கு. அதோடு ஒரு பழைய லுங்கி. சட்டைப் பையில் தைத்திருந்த கம்பெனி முத்திரையையும் என் பெயர்ப் பட்டையையும் பிளேடால் பிரித்து எடுத்தாள்.

“பேரோட சேத்து வுட்டா பேரும் போயிடுங்க” என்றாள். அவள் ஊத்தங்கரைப் பக்கம். இந்த மாதிரி விஷயங்களில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

மகளிடம் நாங்கள் சொல்லவில்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டதல்ல. சொன்னால் விடமாட்டாள் என்பது எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும்.

தீவை ஒரு சுற்றுச் சுற்றிவர இருபது நிமிஷம் போதும். விடுதி நடத்துகிற பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும். தன் அம்மாவின் சிகிச்சைக்காகத் திருவனந்தபுரத்தில் மாதக்கணக்கில் தங்கியிருந்தவர், அதனால் உடைந்த மலையாளம் வரும். அவருடைய மலையாளமும் என் தமிழும் எப்படியோ கைகொடுத்துக்கொண்டன. அவர் சொன்னதையெல்லாம் இங்கே தமிழாகவே எழுதுகிறேன்.

வந்து இறங்கியதும் அறைக்கு ஒரு துணிப்பை கொடுத்தார். பிஸ்கட் உறை, ஷாம்பு பாக்கெட், பேட்டரி என்று நாம் கொண்டுவந்த மக்காத குப்பை எல்லாவற்றையும் அதில் போட்டு, போகும்போது எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். கேட்கத் தயங்கிக்கொண்டேதான் கேட்டார். “உங்களுக்கெல்லாம் ஊருக்கு வெளியே என்று ஓர் இடம் இருக்கும். எங்களுக்கு அது கிடையாது. வெளியே என்றால் கடல்தான். அதில்தான் மீன் பிடிக்கிறோம், அதைப் பார்க்கத்தான் நீங்களும் வருகிறீர்கள்.”

எனக்குச் சுருக்கென்றது. ஊருக்கு வெளியே என்ற இடத்துக்கு நான் தினமும் பைக்கில் போய்க்கொண்டிருந்தேனே. இருந்தாலும் எல்லாம் தெரிந்தவனைப் போலத் தலையை ஆட்டினேன்.

மகள் விட்டால்தானே. எங்கள் அப்பா இருபது வருஷமாக இதைத்தான் செய்கிறார், இதில் பெரிய ஆள் என்று அவரிடம் என்னை ஏற்றிவிட்டாள். அவருக்கு மகா சந்தோஷம். உடனே தீவின் குப்பைக் கொட்டகைக்கு அழைத்துக்கொண்டு போனார். அந்த வேலையை முறை வைத்து விடுதிகள்தான் பார்த்துக்கொள்கின்றனவாம், அந்த வாரம் அவர் முறை. கண்ணாடிப் பாட்டில்களை மணலாக நொறுக்க ஒரு இயந்திரம் இருந்தது. டின்களை அமுக்கிக் கட்டி வைத்திருந்தார்கள். சமையல் குப்பை உரக்குழிக்குப் போனது. எதிலும் சேராத மிச்சம் படகேறிப் போகும். எங்கே போகும் என்று கேட்டேன். இன்னொரு தீவுக்கு என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிப்போனது.

கொட்டகையில் விடுதியின் வேலையாள் ஒருவர் குப்பை பிரித்துக்கொண்டிருந்தார். வங்கதேசத்துக்காரர். என் வயதிருக்கும், தாடி நரைத்திருந்தது. வெளுத்துப்போன நீலச் சட்டை. காலையில் கரையைப் பெருக்குவதும், அறைகளுக்குக் கண்ணாடிப் பாட்டிலில் குடிதண்ணீர் கொண்டுவந்து வைப்பதும், படகுத்துறைக்குப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோவதும் எல்லாம் அவர்தான். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தி அவருக்கும் தெரிந்திருந்தது.

போன இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க எனக்கு வராது. ஜூஸ் அட்டைப் பெட்டிகளை அவர் தனியாகக் குவிப்பதைப் பார்த்துவிட்டு, அது காகிதம், காகிதத்தோடு போடு என்று ஷாப் ஃப்ளோர் குரலில் அதட்டினேன். அவர் ஒரு பெட்டியை எடுத்துக் கத்தியால் கீறி, உள்ளே ஒட்டியிருந்த அலுமினியத் தாளைக் காட்டினார். நாலு மொழியில் அதட்டத் தெரிந்த வாய்க்கு அப்போது ஒரு மொழியும் வரவில்லை. அவர் சிரித்தார், கேலிச் சிரிப்பில்லை. விட்ட கௌரவத்தைப் பிடிக்க, தரையில் மஞ்சள் கோடு போட்டுக் குவியல்களைப் பிரிக்கலாம் என்று யோசனை சொன்னேன். அது எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மஞ்சள் பெயின்ட் கிடைத்தது. சாயங்காலம்வரை அவர் நூல் பிடிக்க, நான் கோடு போட்டேன். மகள் படம் எடுத்து, அப்பா தீவுக்கே ஃபைவ் எஸ் சொல்லிக் கொடுக்கிறார் என்று ஸ்டேட்டஸ் வைத்தாள்.

அடுத்த நாள் அந்தப் பெண்மணி தன் பவளத் தோட்டத்தைக் காட்டினார். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், கழுத்தளவுத் தண்ணீரில், இரும்புக் கம்பிகளால் செய்த சட்டங்கள் பத்துப் பன்னிரண்டு நின்றன. ஒவ்வொன்றிலும் உடைந்த பவளத் துண்டுகளை வரிசையாகக் கட்டியிருந்தார். கடல் சூடேறிப் பழைய பவளமெல்லாம் வெளுத்துச் செத்த பிறகு, அவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சேர்ந்து ஆரம்பித்ததாம். விரல் நீளம் வளர வருஷக்கணக்கில் ஆகும். தினமும் மத்தியானம் நீந்திப் போய்ப் பாசியைத் துடைத்துவிட்டு வருகிறார். மகள் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் அதன்மேல் மிதந்தாள்.

இத்தனையையும் பார்த்த பிறகுதான் நான் அதைச் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை. மூன்றாம் நாள் விடிகாலையில் மனைவி என்னை எழுப்பினாள். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கரையில் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. நீலச் சட்டையும் லுங்கியுமாக இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி மூன்று முழுக்குப் போட்டேன். சட்டையைக் கழற்றினேன். ஒரு நொடி கை தயங்கத்தான் செய்தது. சுருட்டி எடுத்துக்கொண்டு கரையேறிவிடலாம், ஜோசியர் என்ன இங்கேயா வந்து பார்க்கப் போகிறார் என்று தோன்றியது. நெஞ்சில் வைத்த ஸ்டென்ட் நினைவுக்கு வந்தது. விட்டுவிட்டேன். லுங்கியையும் அவிழ்த்து விட்டேன். உள்ளே போட்டிருந்த அரைக்கால் சட்டையோடு, விதிப்படி திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். மனைவி துண்டை நீட்டினாள். மனசு லேசாக இருந்தது. உண்மையாகவே லேசாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

மத்தியானம் மகளும் அந்தப் பெண்மணியும் நீந்தப் போனார்கள். நானும் மனைவியும் கரையில் உட்கார்ந்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் மகளின் கத்தல் கேட்டது. இருவரும் தண்ணீரிலிருந்து நடந்து வந்தார்கள். அந்தப் பெண்மணியின் தோளில் என் லுங்கி, கையில் என் சட்டை. லுங்கி ஒரு சட்டத்தைச் சுற்றிக்கொண்டு, இழுப்பில் அந்தப் பக்கத்துப் பவளத்தையெல்லாம் முறித்துப் போட்டிருந்தது. முறிந்த துண்டுகளை உள்ளங்கையில் வைத்திருந்தார். அழவில்லை. அவற்றைத் திரும்பக் கட்ட முடியுமா என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் என் முன்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

“யாருப்பா இப்படிப் பண்ணுவாங்க?”

“எதுனா படகுல இருந்து போட்டிருப்பாங்கம்மா” என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். என் சொந்தச் சட்டையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

சின்னத் தீவில் நாலு பேர் கூடினால் ஊருக்கே தெரிந்துவிடும். தீவு ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். சட்டையை வாங்கி விரித்துப் பார்த்தார். தள்ளுவண்டியோடு அந்தப் பக்கம் வந்த வேலையாளைக் கூப்பிட்டார். அவர் போட்டிருந்த சட்டையையும் கையிலிருந்த சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் வெளுத்த நீலம். தங்கள் மொழியில் ஏதோ கேட்டார். வேலையாள் சட்டையைப் பார்த்தார், பிறகு எங்கள் பக்கம் பார்த்தார். பிறகு ஆமாம் என்று தலையாட்டினார்.

அவர் சட்டைப் பையிலிருந்த அடையாள அட்டையை ஆபீஸ்காரர் வாங்கிக்கொண்டு போனார். என்ன நடக்கிறது என்று மகள் அந்தப் பெண்மணியிடம் ஆங்கிலத்தில் கேட்டு, எங்களுக்குச் சொன்னாள். வேலைக்கு வந்தவர்கள் கடலில் குப்பை போட்டால் அட்டை போய்விடுமாம். அது இல்லாமல் இந்தத் தீவில் வேலை செய்ய முடியாதாம். ஆபீஸில் பேசி முடிவு சொல்வார்களாம், அதுவரை வேலை பார்க்கலாமாம்.

நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுதான். மனைவி என் முழங்கையை அழுத்திப் பிடித்தாள்.

“வாய வச்சிகினு சும்மா இருங்க” என்றாள், உதடு அசையாமல்.

அவள்மேல் பழியைப் போட மாட்டேன். அவள் பிடிக்காவிட்டாலும் நான் பேசியிருக்க மாட்டேன். மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் போனில் நான் மஞ்சள் கோடு போடும் படம் இருந்தது. அந்த ஆள் ஏன் ஒப்புக்கொண்டார் என்று எனக்கு நானே சமாதானம் தேடினேன். கேள்வி புரியாமல் தலையாட்டியிருப்பார். அல்லது அவருடைய சட்டையும் ஏதாவது காற்றில் பறந்திருக்கும். ஒப்புக்கொண்டுவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருப்பார். அப்படித் தலையாட்டியவர்களை எங்கள் கம்பெனியில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களெல்லாம் செய்ததால்தான் ஒப்புக்கொண்டார்கள் என்று இத்தனை வருஷம் நம்பி வந்திருக்கிறேன்.

பிறகும் இரண்டு நாள் தங்கினோம். அவர் எப்போதும் போலத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் கழிவறைக்குள் போய் நின்றுகொள்வேன், அவர் போன பிறகு வெளியே வருவேன். கிளம்பும் நாளில் எங்கள் பெட்டிகளைப் படகுத்துறைக்குத் தள்ளி வந்தார். மகள் அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் படகில் ஏறினாள். அவர் என்னைப் பார்த்து, “பேட்டி அச்சீ ஹை” என்றார். நல்ல பெண் என்றார். வழியனுப்பும்போது சொல்கிற வார்த்தை என்று எடுத்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

ஓசூர் வந்த பிறகு ஏரிக்கரையில் வீசுவது நின்றுவிட்டது. திருந்திவிட்டேன் என்று பீற்றிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. கை எழவில்லை, அவ்வளவுதான். கவரோடு கம்பெனி கேட்வரை போய், அதே கவரோடு சாயங்காலம் வீட்டுக்கு வந்த நாளும் உண்டு. கம்பெனியில் ஒருநாள் சிவப்புத் தொட்டியில் டீ கப் கிடந்தது. பக்கத்தில் ஒடிசாக்காரர் ஒருவர் நின்றார். நான் இன்னும் எதுவும் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்ததுமே அவர் தலையாட்டிவிட்டுக் குனிந்து கப்பை எடுத்தார். நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண்மணி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கொட்டகையில் மஞ்சள் கோடு அழியாமல் இருந்தது. குவியல்கள் கோட்டுக்குள் இருந்தன. பக்கத்தில் நின்றவர் வேறு ஒருவர். பழைய ஆள் எங்கே என்று கேட்டேன். ஆபீஸில் அட்டையைத் திருப்பித் தரவில்லை, வேறு தீவில் கட்டட வேலைக்குப் போய்விட்டார், சிமென்ட் மூட்டை தூக்குகிறார் என்று பதில் வந்தது. அந்த வயதில் சிமென்ட் மூட்டை.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பைக் ஷெட்டுக்குப் போய், குரல் பதிவாக எல்லாவற்றையும் சொன்னேன். சட்டை என்னுடையது. ஜோசியர் சொன்னார். நான்தான் விட்டேன். அவர் செய்யவில்லை. தமிழும் மலையாளமும் குழம்பி, பாதியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அனுப்பிவிட்டு ஷெட்டிலேயே நின்றேன். அன்று சாப்பாட்டுப் பையைத் திறக்கவில்லை.

ஷிஃப்ட் முடியும்போது அந்தப் பெண்மணியின் பதில் வந்திருந்தது. அதுவும் குரல் பதிவு.

“எனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே அவர் சொல்லிவிட்டார். காலையில் கரையைப் பெருக்க வந்தபோது உங்களைப் பார்த்திருக்கிறார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்தாராம். ஆபீஸ்காரரிடம் ஏன் சொல்லவில்லை என்று நான் சத்தம் போட்டேன். மகள் பக்கத்தில் நிற்கும்போது ஒரு அப்பாவை எப்படிக் காட்டிக்கொடுப்பது என்றார். அவருக்கும் பெண் இருக்கிறாள். நீங்களாக வந்து சொல்வீர்கள் என்று இரண்டு நாள் பார்த்தேன். படகு கிளம்பும்வரை பார்த்தேன். நீங்கள் விருந்தாளி, நான் எப்படிக் கேட்பது? நானும் ஆபீஸுக்குப் போய்ச் சொல்லவில்லை. அந்த வெட்கம் என்னுடையது.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நான் கழிவறைக்குள் ஒளிந்துகொண்ட இரண்டு நாளும் அந்த வேலையாளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் தண்ணீர் கொண்டுவந்து வைத்திருக்கிறார். என் முகத்தை என் மகளிடம் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, அவள் நல்ல பெண் என்று எனக்கே சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் ஆமாம் ஆமாம் என்றிருக்கிறேன்.

இனி என்ன செய்யலாம் என்று அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். தீவு ஆபீஸுக்கு எழுதுங்கள், கையெழுத்துப் போட்டு எழுதுங்கள், அட்டை திரும்பிக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்றார். கடிதம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். எனக்கு ஆங்கிலத்தில் ஆடிட் படிவம் நிரப்ப வரும். குற்றத்தை ஒப்புக்கொள்ள வராது.

“புள்ளகிட்டயா சொல்லப் போறீங்க?” என்றாள் மனைவி. “பரிகாரத்த வெளிய சொன்னா பலிக்காதுங்க. செஞ்சதெல்லாம் வீணாப் போயிடும்.”

“போவட்டும்” என்றேன்.

அவள் உள்ளே போய், பிரித்து வைத்திருந்த என் பெயர்ப் பட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். எதற்கு வைத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். சாப்பிட்ட பிறகு லேப்டாப்பைத் திறக்கச் சொன்னேன், ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றேன். உட்கார்ந்தாள். ஜோசியரில் ஆரம்பித்துச் சொன்னேன். சட்டை என்ற இடம் வந்ததும் அவள் விரல்கள் நின்றுவிட்டன. ஏரிக்கரையையும் சேர்த்துச் சொன்னேன். அவள் குறுக்கே பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

“நான் உங்ககிட்ட கேட்டேனே. படகுன்னீங்க” என்றாள்.

“ஆமா.”

“என் மூஞ்சியப் பாத்து சொன்னீங்க.”

“ஆமாம்மா.”

திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். தட்டத் தொடங்கினாள். என் பெயர், என் பாஸ்போர்ட் எண், விடுதியில் தங்கிய நாட்கள் எல்லாம் கேட்டு எழுதினாள். மூன்றாம் நாள் காலையில் நான் செய்ததை நான் சொன்னபடியே எழுதினாள், எதையும் மென்மையாக்கவில்லை. கடிதம் வேலையாளைப் பற்றிய இடத்துக்கு வந்தது.

“அவர் பேரு என்னப்பா?”

ஆறு நாள் அவர் கொண்டுவந்து வைத்த தண்ணீரைக் குடித்திருக்கிறேன். ஒரு சாயங்காலம் முழுக்க அவர் பிடித்த நூலின் மேல் கோடு போட்டிருக்கிறேன். அவரை ஏ என்றும் பாய் என்றும் கூப்பிட்டிருக்கிறேன். அந்தப் பெண்மணியோடு இவ்வளவு பேசியும், அந்த வேலையாளின் பெயரை நான் கேட்டிருக்கவில்லை.

மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.